இப்பத் தெளிவா இருக்கா?

கண்ணாடிக்கடைக்காரர் அன்று காலை ஒரு சபதம் எடுத்தார். வாங்கினால் லென்ஸ் மாற்றும் பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராதான். இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் கேமராவையே தொடுவதில்லை. சபதத்தைக் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு, மனைவி காதில் விழாத அளவுக்கு உரக்கச் சொன்னார்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். வருகிறவர்களை உட்காரவைத்து, கண்முன் ஒவ்வொரு வில்லையாக மாட்டி, "இப்பத் தெளிவா இருக்கா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். தெளிவு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குப் போய்த் தூரத்துக் கொக்குகளைப் படம் பிடிக்க வேண்டும் என்பது ஆசை. கொஞ்ச நஞ்ச ஆசையில்லை. கனவில் கொக்குகள் வரிசையில் நின்று போஸ் கொடுத்துவிட்டுப் போயின.

மனைவியோ பிரிட்ஜ் கேமரா கட்சி.

"இதுல என்னங்க குறைச்சல்? சின்னதுக்கும் பெரிசுக்கும் நடுவுல. லென்ஸ் மாத்த வேணாம், தூக்கிச் சுமக்க வேணாம். ஒரு பட்டனைத் தள்ளினா கொக்கு கிட்ட வருது."

"வரும்மா. எப்படி வரும்? தண்ணியில ஊறின பேப்பர் மாதிரி வரும்! அதுக்குள்ள படம் பதியற சென்சார் சுண்டுவிரல் நகம் அளவு!"

"நான் நகத்தையா பார்க்கப் போறேன்? கொக்கைத்தானே?"

"நீயா பார்க்கப் போற?"

"பின்ன? உங்க டிஎஸ்எல்ஆருக்கு முதல்ல ஒரு லென்ஸ் வரும். அது தனியா இருக்கேன்னு இன்னொண்ணு வரும். ரெண்டுக்கும் ஒரு பை வரும், பைக்கு ஒரு அலமாரி வரும். கடைசியில இடம் பத்தாம நான் வெளிய போகணும்."

அவளுடைய தம்பி கேமரா விற்கிறவன். அக்காவையும் பகைக்க முடியாது, அத்தானையும் பகைக்க முடியாது. இரண்டு கேமராக்களையும் ஒரு நாளைக்குக் கொடுத்தனுப்பி, "வெச்சுப் பார்த்துட்டு எது வேணும்னு சொல்லுங்க" என்று நழுவிக்கொண்டான்.

"ஒரு பந்தயம்" என்றாள் மனைவி. "கொக்கு நாம சொன்னா நிக்காது. நீங்க நில்லுங்க. தெருக்கோடி பஸ் ஸ்டாப்புல. நான் பால்கனியிலேர்ந்து ரெண்டுலயும் எடுக்கிறேன். எதுல தெளிவோ அதுதான் வாங்கறோம்."

கண்ணாடிக்கடைக்காரர் துள்ளிக் குதிக்காத குறை. அவ்வளவு தூரத்துக்குப் பிரிட்ஜ் கேமராவில் தான் வெறும் பச்சைக் கறையாகத்தான் விழுவோம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்காகவே பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஜெயித்த வேட்பாளர் போல இரண்டு பக்கமும் கும்பிட்டபடி தெருவில் நடந்தார்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு பேக்கரி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஜாம் பன். பார்த்ததும் அவருக்கு நெஞ்சு உருகிவிட்டது. டாக்டர் இனிப்பைத் தடை செய்த நாளிலிருந்து வீட்டில் சர்க்கரை டப்பா தலைமறைவாக இருந்தது. தான் இனிப்பை மறந்தே போய்விட்டதாக அவரும் தினம் இரண்டு வேளை மனைவியிடம் சொல்லிவந்தார்.

செல்போன் அடித்தது.

"முதல்ல பிரிட்ஜ்ல எடுக்கிறேன். நேரா நில்லுங்க."

"எடு, எடு! அவசரமே இல்ல, நிதானமா எடு!"

அவர் மூளையில் பளிச்சென்று ஒரு பல்பு எரிந்தது. பிரிட்ஜ் கேமரா எடுத்து முடிக்கும்வரை அவர் ஒரு கறை. ஒரு கறை என்ன தின்கிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

பன்னை வாங்கினார். பால்கனியை நேருக்கு நேர் பார்த்து நின்றுகொண்டு தின்றார். நடுவில் கையைக்கூட ஆட்டினார். விஞ்ஞானத்தின் மேல் ஒரு மனிதன் அவ்வளவு நம்பிக்கை வைத்து யாரும் பார்த்திருக்க முடியாது.

தின்று முடித்ததும் சட்டையிலிருந்த துகளைத் தட்டினார். விரல்களைத் துடைத்தார். தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தார். பிறகு டிஎஸ்எல்ஆருக்காகப் பாஸ்போர்ட் படத்து விறைப்போடு நின்றார்.

மறுபடி செல்போன். "போதும், வந்துடுங்க. இன்னொண்ணு எடுக்கவே வேணாம் போலிருக்கு."

இந்த முறை யாரையும் கும்பிடாமல் வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்த மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிரிட்ஜ் கேமராவை மார்போடு அணைத்திருந்தாள்.

"படம் எப்படிம்மா?"

"நல்லா இருக்கு. அதுவும் நல்லா இருந்ததா?"

"எது?"

"நீங்க தின்னது."

கண்ணாடிக்கடைக்காரருக்கு உலகமே கறையாகத் தெரிந்தது.

"அது... ஒரே ஒரு கடி."

"ஒரு கடியா? பெரிசு பண்ணிப் பார்க்கட்டுமா?"

"மூணு."

"பட்டனைத் தள்ளறேன்..."

"முழுசும்! முழு பன்னும்!"

"உள்ள?"

"ஜாம்."

"இப்பத் தெளிவா இருக்கா?" என்றாள் அவள். அவர் கடையில் கேட்கும் அதே ராகம். "இல்ல, இன்னும் படம் மங்கல்தான்னா சொல்லுங்க. டாக்டருக்கு அனுப்பி, அவருக்கு என்ன தெரியுதுன்னு கேப்போம்."

"எதுக்கும்மா அவருக்குச் சிரமம்? தெளிவு! பிரமாதமான தெளிவு!"

"அதை என் தம்பிகிட்ட சொல்லுங்க."

அவளே நம்பரைப் போட்டுச் செல்போனை அவர் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க அத்தான். டிஎஸ்எல்ஆர்தானே? எனக்குத் தெரியும்."

"இல்லப்பா" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். கனவுக் கொக்குகள் ஒவ்வொன்றாகச் சிறகை விரித்துப் பறந்துபோயின. "பிரிட்ஜே போதும். பில் போட்டுடு."

அதன் பிறகுதான் மனைவி கேமராவை அவர் கையில் கொடுத்தாள். தன்னைக் கவிழ்த்த படத்தை ஒரு முறையாவது பார்த்துவிடலாமென்று அவர் பட்டனை அழுத்தினார்.

ஒரு மரம் மாதிரி ஏதோ. ஒரு பஸ் மாதிரி ஏதோ. நடுவே ஒரு பச்சைக் கறை. தலை எது, கால் எது என்றுகூடத் தெரியவில்லை.

"நான்தான் சொன்னேனே! இது கறை! இதுல பன்னாவது, ஜாமாவது! அப்புறம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் முந்தானை நுனியை எடுத்து, அவர் மூக்குக்குக் கீழே பதமாகத் துடைத்துவிட்டாள்.

"மீசையில இருக்குங்க."