சிரிப்பு முந்திக்கொண்ட மதியக் காட்சி

பாப்கார்ன் பொரிகிற வாசனையும் தலையில் வாடுகிற மல்லிகையின் வாசனையும் ஒரே மூச்சில் ஏறினால், இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. கும்பகோணத்தில் ஒரு தியேட்டர், மதியக் காட்சி, பட்டுப்புடவையில் நான். (ஏசி அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லை.)

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. சென்னையில் வேலை, ஒற்றை அறை வீடு, ஒரே ஒரு தட்டு. எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதை முதலில் கோயிலில் வைத்துக்கொள்வார்கள், எதேச்சையாகச் சந்தித்தது மாதிரி. பிடித்தால் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாருடைய கௌரவத்துக்கும் சேதமில்லை. சாமி கும்பிட வந்தோம், போனோம். என் விஷயத்தில் கோயில்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. (அதுவும் கும்பகோணத்தில்!)

"இன்னொரு தடவ உன்னக் கூட்டிட்டுப் போனா குருக்களே ஜாதகம் கேப்பாரு" என்று சொல்லி, அம்மா தியேட்டருக்கு மாறினாள்.

மாப்பிள்ளை வீடு குடவாசல் பக்கம். நெல் வயல் உண்டு. அவருக்கும் சென்னையில்தான் வேலை, ஆனால் பெரியம்மா வீட்டில் தங்கல், பெரியம்மா கையால் சாப்பாடு. அவருடைய அம்மாவிடம் என் அம்மா போனில் சொன்னது அடுத்த அறைவரை கேட்டது: "அந்தப் படத்தப் பாக்கணும்னு பொண்ணுக்கு ரொம்ப ஆசைங்க. கூட்டிட்டுப் போக ஆளில்லாம அப்படியே கெடக்குது."

நான் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருந்தேன்.

பெருநகரத்தில் தனியாக வாழ்கிறவர்களின் காதல் கதை அது. கொஞ்சம் கிறுக்குக் கதை. கதாநாயகி பாதுகாப்புக்காகத் தன் வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு வைத்திருப்பாள். (நானும் வைத்திருந்தேன்.) எதிர்வீட்டுக்காரன் ஒரு பிரியாணிக்கு இரண்டு ஸ்பூன் கேட்டு வாங்குவான், கொண்டுவருகிறவர் பரிதாபப்பட்டுவிடக் கூடாதே என்று. செருப்புக்காரனை ஒருநாளும் கண்ணில் காணோமே என்று அவன் தவிப்பதுதான் படம். நடுவில் ஓர் இடத்தில், இருட்டு நகரத்தின் ஒற்றை ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகும். அங்கே ஒவ்வொரு தடவையும் நான் அழுதுவிடுவேன். அந்த வெளிச்சங்களில் ஒன்று என்னுடையது.

ஒரு கோடியில் மாப்பிள்ளை, மறு கோடியில் நான், நடுவில் வரப்பாக இரண்டு குடும்பமும். எனக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா. (படம் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க.)

"பல்லு தெரியாம சிரி" என்பது என் அம்மாவின் உத்தரவு.

கொஞ்ச நேரம் அடக்கித்தான் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரன் அந்தச் செருப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான். அடுத்து அவன் காலை நுழைத்துப் பார்ப்பான், கதவு திறக்கும், எனக்குத்தான் தெரியுமே! அத்தனை பேரும் அமைதியாக இருக்க, நான் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தேன். தியேட்டர் சிரித்தபோது நான் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த சிரிப்புக்கும் அப்படியே. ஜன்னல் வருவதற்கு முன்பே ஜன்னலுக்காக அழுதும் தொலைத்தேன்.

இடைவேளையில் அந்த அம்மா திரும்பினார். "ஏம்மா, சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே சிரிக்கிறியே, அதெப்படி?"

"சின்ன வயசுலேர்ந்தே அவளுக்குச் சிரிச்ச முகங்க" என்று அம்மா பாய்ந்தாள்.

"ஏற்கெனவே பாத்துட்டேங்க. மூணு தடவ."

"கூட்டிட்டுப் போக ஆளில்லன்னாங்களே! யாரோட போன?"

அம்மாவின் கண் கெஞ்சியது. ஒரு தோழியின் பெயர் போதும். கல்யாணம் கைகூடிவிடும். நாக்கு நுனிவரை ஒரு பெயர் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"யாரோடயும் இல்லங்க. தனியாத்தான்."

"தனியாவா? சினிமாவுக்கா?"

"ஓரத்து சீட்டுங்க. கால நீட்டிக்கலாம்."

"மூணு தடவயுமா?"

"மூணு தடவயும்."

நான் யாருடனாவது ஓடிப்போயிருந்தால்கூட அந்த அம்மாவின் முகம் அப்படிச் சுருங்கியிருக்காது. "கெளம்புங்க" என்றார் தன் ஆட்களிடம். குடவாசல் மொத்தமும் எழுந்து போனது. சமாதானம் பேச என் வீடு மொத்தமும் பின்னால் ஓடியது. நான் ஓடவில்லை. இரண்டாம் பாதிதான் நன்றாக இருக்கும்.

"ஒரு பொய் சொல்லியிருந்தா கல்யாணம் நடந்திருக்குமேடி" என்று அம்மா அன்று வீடு போய்ச் சேரும்வரை புலம்பினாள்.

"நடந்திருக்கும்மா. அப்புறம் காலம்பூரா, எல்லாரும் சிரிச்ச பிறகுதான் நான் சிரிக்கணும்."

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. இன்னும் ஒற்றைத் தட்டுதான். குடும்ப விசேஷங்களில் யாராவது ஒரு கதையை ஆரம்பிக்கும்போதே நான் புன்னகைத்தால், "அக்கா இத மூணு தடவ பாத்துட்டா!" என்று தம்பி கத்துவான், பந்தி முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும். என் வாழ்க்கையை ஒரு விபத்துபோல விசாரிக்கிறவர்களுக்கும் இதே பதில்தான்: ஓரத்து சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், திரை முழுசாகத் தெரியும்.

ஆனால் தம்பிக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்று விளக்கணைந்து படம் மறுபடி தொடங்கியபோது, காலி வரிசையில் நான் மட்டும் இருந்தேன். யாரோ குனிந்தபடி வந்து நாற்காலிகளுக்கு அடியில் தேடினார். மாப்பிள்ளை.

"சாவிய விட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தேங்க" என்றார், மூச்சிரைக்க. சாவி அவர் கையிலேயே இருந்தது. "கடைசில அவங்க ரெண்டு பேரும் சேந்துடுவாங்களா?"

கதவுப் பக்கம் அவர் அம்மாவின் குரல் கேட்டது. அவர் அந்தப் பக்கமும் பார்த்தார், திரையையும் பார்த்தார்.

"மறுபடி வந்து பாருங்க" என்றேன்.

"தனியா நான் சினிமாவுக்கு வந்ததே இல்லீங்க."

"அப்ப முடிவ நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு டிக்கெட் எடுத்து, நீங்களே பாத்துக்கங்க."