இல்லாத மல்லிகாவுக்கு ஒரு பாஸ் மார்க்

மல்லிகா பாஸா, ஃபெயிலா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், இன்னும் பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் மல்லிகா என்று ஒருத்தி உலகத்திலேயே கிடையாது. (அவளை உண்டாக்கியதே நான்தான்.)

மகள் பிறந்த பிறகு நான் வேலைக்கென்று கிளம்பிய முதல் நாள் அது. கோவையில் ஒரு மையம், வெளிநாடு போக விரும்பும் நர்ஸ்களுக்கு ஆங்கிலத் தேர்வு நடத்துகிறது. டேப்பில் ஓடும் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வுக்கு எவ்வளவு பாஸ் மார்க் வைப்பது என்று முடிவு செய்யும் குழுவுக்கு, எம்.ஏ. ஆங்கிலம் படித்த என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு ஒழுங்காகச் செய்தால் குழுவில் நிரந்தர இடம். அந்த இடம் எனக்கு ரொம்பவே வேண்டியிருந்தது. ஆனாலும் குழந்தையைக் கணவர் செந்திலிடம் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப் போவதற்குள் இரண்டு தரம் திரும்பி வந்து பார்த்தேன். இரண்டாவது தரம் அவர் கதவையே திறக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த வித்யா மேடம் வேலையை விளக்கினார்.

"கண்ணை மூடிக்கோங்க. தட்டுத்தடுமாறிப் பாஸாகிற ஒரு நர்ஸை மனசுல கொண்டு வாங்க. கெட்டிக்காரங்களும் வேண்டாம், ஒண்ணுமே வராதவங்களும் வேண்டாம். கரெக்டா கோட்டு மேல நிக்கிறவங்க. ஒவ்வொரு கேள்விக்கும் அவங்க சரியா பதில் சொல்வாங்களா, மாட்டாங்களான்னு எழுதுங்க. எத்தனை 'சொல்வாங்க' வருதோ, அதுதான் பாஸ் மார்க்."

எல்லோரும் கண்ணை மூடித் திறந்துவிட்டார்கள். எனக்கு யாருமே வரவில்லை.

"மேடம், அவங்க பேரு என்னங்க?"

"பேர் எதுக்கு? யாரோ ஒருத்தர்."

"யாரோன்னா எப்படிங்க மேடம்? மல்லிகான்னு வெச்சுக்கட்டுங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே, "வெச்சுக்கோங்க" என்றார். அங்கேதான் அவர் தப்பு செய்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா அக்கா பேனாவைக் கீழே வைத்தார். கருமத்தம்பட்டிக்காரர், ஓய்வு பெற்ற நர்ஸ். "மல்லிகா எந்த ஊரு கண்ணு?"

"தாராபுரம் பக்கமுங்க்கா." (யார் சொல்லச் சொன்னது?)

எதிரே இருந்த கல்லூரி ஆசிரியர் பழனிசாமி சார் நிமிர்ந்தார். "நம்மூருங்களே! தாராபுரத்துல எங்கீங்க?"

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஊர் கிடைத்துவிட்டால், சொந்தம் கிடைக்காமல் போகாது. கொஞ்ச நேரத்தில் மல்லிகாவுக்கு ஆற்றோரம் வீடு, தறி ஓட்டும் வீட்டுக்காரர், பழனிசாமி சாரின் பங்காளி வழியில் ஒரு பெரியப்பா எல்லாம் அமைந்துவிட்டன. குழந்தையாக என் மகளையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதோடு நிறுத்தாமல், "புள்ளைக்குக் காய்ச்சலுங்க" என்றேன். (காலையில் என் மகள் இரண்டு தும்மல் போட்டிருந்தாள்.)

முதல் கேள்வி ஓடியது. ஒரு நோயாளி தன் வலியைப் பற்றிச் சொல்கிறார். மல்லிகா பதில் சொல்வாளா?

"நைட் டூட்டி முடிச்சுப்போட்டு நேரா பரீட்சைக்கு வந்திருக்குது, பாவம்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "இதுல புள்ளைக்குக் காய்ச்சல் வேற. எங்க காதுல ஏறும்?"

மாட்டாள் என்று எழுதினோம். அடுத்ததற்கும் மாட்டாள். அதற்கடுத்ததற்கும். மேஜை முழுக்க ஒரே இரக்கம்.

சாப்பாட்டுக்கு முன்னால் வித்யா மேடம் கூட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "இந்தக் கணக்குப்படி உள்ளே வந்து 'குட்மார்னிங்' சொன்னாலே பாஸ்."

"அதையும் மரியாதையாத்தான சொல்லுதுங்க" என்றார் பழனிசாமி சார்.

வித்யா மேடம் என் பக்கம் திரும்பினார். "சரி, மல்லிகா பாஸ். நாளைக்கு உங்க குழந்தையை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கீங்க. டாக்டர் இங்கிலீஷ்ல மருந்தோட அளவைச் சொல்றார். அதைக் கேட்டுட்டு வந்து உங்க குழந்தைக்கு ஊத்தப்போறது மல்லிகா. சம்மதமா?"

வெளியே ஓடிப்போய் செந்திலுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு யாராச்சும் மருந்து குடுத்தாங்களா?"

"பருப்புஞ்சோறு தின்னுபோட்டுத் தூங்குது. யாரு மருந்து குடுக்கறது? நீ அங்க என்ன பண்ணிட்டிருக்கறே அம்மணி?"

மதியம் இரண்டாவது சுற்று. நான் எல்லாக் கேள்விக்கும் 'சொல்வாள்' என்று எழுதினேன். சொல்லியே ஆகவேண்டும்! ஸ்டெல்லா அக்கா என் தாளை எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, காலைல அத்தனை பாவம் பாத்தே?"

"காலைல அது அவ புள்ளைங்க்கா. இப்ப எம்புள்ளை."

வித்யா மேடம் என் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "உங்க கணக்குப்படி ஒரு கேள்வி தப்பானாலும் ஃபெயில். நீங்களே ஒரு தடவை இந்தத் தேர்வை எழுதிப் பாருங்களேன்."

எழுதினேன். இரண்டு தப்பு. பாதி டேப்பில் குழந்தை தும்முகிற மாதிரியே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மல்லிகா இருந்திருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பாள்.

"கூப்பிடறோம்" என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டு, மற்றவர்களை வைத்துப் பாஸ் மார்க்கை முடிவு செய்தார்கள். நிரந்தர இடம் பழனிசாமி சாருக்குப் போனது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாம்பார் சுமாராக இருந்தால் செந்தில், "மல்லிகா பாஸ்" என்பார். உப்பு கரித்தால், "மல்லிகாவே ஃபெயிலாக்கிப்போடுவா." மகளுக்கு இப்போது நாலு வயது. மல்லிகா நெருங்கிய சொந்தம் என்றே நினைத்திருக்கிறாள். "மல்லிகா அத்தை எப்பம்மா நம்மூட்டுக்கு வருவாங்க?" என்று கேட்கிறாள்.

போன வாரம் மையத்திலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. ஒரே நிபந்தனை: யாரும் பேர் வைக்கக்கூடாது. (இப்போது எல்லாக் குழுவுக்கும் முதல் விதி இதுதானாம். யாரால் என்று நான் கேட்கவில்லை.)

மாவு அரைக்கும்போதெல்லாம் கண்ணை மூடிப் பழகிப் பார்க்கிறேன். மல்லிகாதான் வருகிறாள், கோட்டு மேல் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறாள். உள்ளே விட்டால் என் குழந்தையை நினைத்துப் பயம். வெளியே நிறுத்தினால் அவள் குழந்தையின் முகம். பேரும் ஊரும் குழந்தையும் இல்லாத ஒரு ஆளை எப்படித்தான் நினைத்துக்கொள்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். திங்கட்கிழமை கூட்டம், அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும். பேர் கேட்க மாட்டேன், சத்தியமாக. சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாமா?