என் பெயரில் ஒரு தகடு

நான் செத்துச் சில வருடங்கள் ஆகின்றன. திகதி கருங்கல்லில் வெட்டியிருக்கிறது, மறுக்க முடியாது. வெட்டுவதற்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்போது மன்னாரிலிருந்து பாரிசுக்கு வந்து இரண்டு வருடம். கடைசி வகுப்பில் இருந்தேன். எனக்குத் தெரியாத பிரெஞ்சுச் சொல் இருந்தால் அது அந்தச் சொல்லின் குற்றம் என்று நம்பிய காலம். அப்பாவுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்லவேண்டும். (கொஞ்சம் காக்க வைத்துத்தான் சொல்வேன்.)

அந்தத் தவக்காலத்தில் டோகோ நாட்டிலிருந்து ஒரு சிஸ்டர் எங்கள் கோயிலுக்கு வந்தார். அவருடைய சபை அங்குள்ள கிராமங்களில் ஆழ்கிணறு தோண்டி, சூரிய ஒளியில் மின்சாரம் தரும் தகடும் அதில் ஓடும் பம்பும் பூட்டி, மிஞ்சும் மின்சாரத்தில் மருந்தகத்துக்கு விளக்குப் போடுகிறது. ஒரு கிராமம் மட்டும் பாக்கி. தவக்காலக் காணிக்கையை அந்தக் கிணற்றுக்குக் கொடுப்பதா, கோயிலுக்குப் புது ஒலிபெருக்கி வாங்குவதா என்று அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சனம் முடிவெடுக்கவேண்டும். ஒலிபெருக்கிப் பக்கமே ஆட்கள் அதிகம்.

"கண்ணாலை பாத்தாச் சனம் குடுக்கும். பம்பையும் தகட்டையும் நான் கொண்டுவந்து காட்டுறன்," என்று எழுந்து சொன்னேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.)

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற வீதிக்குப் பக்கத்துத் தெருவில் 'பொம்ப் ஃபுனெப்ர்' என்று ஒரு கடை. பொம்ப் என்றால் பம்ப். ஃபுனெப்ர் முதலாளியின் பெயராக இருக்கும்.

"பிள்ளை, அந்தச் சொல்லை ஒருக்காப் போனிலை பாரன்," என்றார் அப்பா.

"எனக்குத் தெரியும் அப்பா."

கதவு சத்தமில்லாமல் திறந்தது. கம்பளம் என் காலடியை விழுங்கியது. மத்தியானத்திலும் திரைகள் மூடியிருந்தன. லில்லிப் பூ வாசனை. சுவரோரம் மினுக்கிய நீள மரப்பெட்டிகள், பித்தளைப் பிடிகளுடன். ஆழ்கிணற்றுப் பம்பும் நீளமானதுதான். நல்ல கவனமாகப் பொதி செய்கிறார்கள் என்று மெச்சினேன். ஆனாலும் பின்கழுத்து ஏனோ குளிர்ந்தது. திரும்பினால், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் எப்போது வந்தாரோ, எனக்குப் பின்னால் நின்றார்.

"டோகோவில் ஒரு கிராமத்துக்கு வேண்டும்," என்றேன்.

"மிகவும் வருந்துகிறேன், மத்மசெல். எத்தனை பேர்?"

"ஊர் முழுக்க. சின்னப் பிள்ளைகளும் உண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படி?"

"தண்ணீர் இல்லாமல்." அவர் முகம் வெளிறியது. இளகிய மனம் கொண்ட வியாபாரி என்று நினைத்தேன். "அறுபது மீட்டர் ஆழம் போகவேண்டும்."

"நாங்கள் இரண்டு மீட்டருக்கு மேல் போவதில்லை," என்றார் தாழ்ந்த குரலில்.

இரண்டு மீட்டர் போகிற பம்பை வைத்து என்ன செய்வது? பம்ப் சரிவராது, தகடாவது கிடைக்கட்டும் என்று, "பிளாக் இருக்கிறதா?" என்று கேட்டேன். பிரெஞ்சில் பிளாக் என்றால் தகடு. "வெயில் தாங்கவேண்டும்."

"நூறு வருடம் தாங்கும். இப்படி ஒரு துயரத்துக்கு நான் காசு வாங்கமாட்டேன்."

ஒரு படிவம் தந்தார். பெயர் என்ற இடத்தில் என் பெயரையும் முகவரிக்குக் கோயிலையும் எழுதினேன். N என்ற எழுத்துக்கு எதிரே பிறந்த திகதி. D என்ற எழுத்துக்கு எதிரே, கொண்டுவந்து தரவேண்டிய நாள்: வருகிற ஞாயிறு.

ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில் நீளமான கறுப்புக் கார் ஒன்று ஓசையில்லாமல் வந்து நின்றது. கறுப்புக் கோட்டுக்காரர் இருவர் ஒரு பொருளைப் பிணம் தூக்கும் நிதானத்தில் மண்டபத்துக்குள் தூக்கி வந்து மேசையில் வைத்து, துணியை விலக்கினார்கள். பளபளக்கும் கருங்கல். பொன் எழுத்தில் என் பெயர். பிறந்த திகதி. ஒரு சிறு கோடு. அன்றைய திகதி.

D என்றால் இறந்த திகதியாம்; படிவத்தில் இருந்ததைக் கல் வெட்டியவர் அப்படியே வெட்டியிருக்கிறார்.

அம்மா என் கையைப் பிடித்து நாடி பார்த்தா. அப்பா மெல்லப் போனை எடுத்துத் தட்டினார்.

"பிள்ளை, ஃபுனெப்ர் முதலாளியின்ரை பேர் இல்லை. அது சாவீட்டு வேலை செய்து குடுக்கிற கடை."

சிஸ்டர் எழுந்து வந்து கல்லில் கை வைத்தார். கோபிக்கப் போகிறார் என்று தலை குனிந்தேன். "இப்படித்தான் எங்களிடம் நடக்கிறது," என்றார். "காலையில் பூசைக்கு வந்த பிள்ளை மாலையில் இருக்காது. கெட்ட தண்ணீர். பெயர் வெட்ட எங்களிடம் கல்லும் இல்லை." நான்தான் தமிழில் சொன்னேன். அதன் பிறகு ஒலிபெருக்கி என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை.

அன்று முழுக்க அம்மா என்னை வீதியைக் கடக்க விடவில்லை.

கிணறு தோண்டியாகிவிட்டது. குடம் வைக்க நல்ல கல் என்று சிஸ்டர் அதையும் அனுப்புவித்துக் குழாயடியில் பதித்துவிட்டார். படம் அனுப்பினார்: என் பெயரின் மேல் ஒரு மஞ்சள் வாளி. தண்ணீர் அள்ள வரும் பெண்கள், பாரிசில் இளவயதில் செத்துப்போய்த் தங்களுக்குத் தண்ணீர் கொடுத்த பெண்ணின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் தினமும் செபிக்கிறார்களாம். உயிரோடு இருக்கிறாள் என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தாராம். கல் பொய் சொல்லுமா என்று கேட்கிறார்களாம்.

ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியில் அப்பா வேலைக்குப் போகமுன் என் அறைக் கதவைத் தட்டுவார்.

"பிள்ளை, இருக்கிறியோ?"

"ஓம் அப்பா, இருக்கிறன்."

"எதுக்கும் ஒருக்காப் போனிலை பாத்துச் சொல்லன்."