ஆர்டினரி என்று சொன்னது நீங்கள்தான், மச்சான்

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் தங்கை மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. ஆகவே அவளுடைய நலத்தைச் சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தத்தைக் கொண்டுதான் கணிக்கிறேன். இன்று காலைச் சத்தப்படி நலமாகவே இருக்கிறாள். அங்கே உங்கள் முழங்காலும், எனக்குத் தங்கை முறையாகிய உங்கள் வீட்டம்மாவின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

இத்துடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். போடாவிட்டால் இந்த உலகம் உள்ளவரை நான் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விவரம் கீழே.

நான் ஓய்வு பெற்றதிலிருந்து ஏழு ராணுவ அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குப் பீரங்கிமேல் ஆசை என்று உங்கள் தங்கை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்குப் பீரங்கியைக் கண்டாலே காது அடைக்கும். ஒவ்வொரு இடத்திலும், விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாக்குதலைப் பற்றிய பலகையைத் தேடிப் பிடித்து, அதில் நம் இருவர் சமாச்சாரம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றதும் நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். ஏழு இடத்திலும் டீ குடித்தேன். எட்டாவது இடம் துறைமுக ஊரில். அங்கே தாக்குதலின் ஐம்பத்திரண்டாம் ஆண்டு நினைவாகப் புதிதாக ஒரு கூடம் திறந்திருக்கிறார்கள். உங்கள் தங்கையும் நானும் திங்கட்கிழமை பஸ் பிடித்துப் போனோம். முதியோருக்குத் தனி வரிசை என்றார்கள். அந்த வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள், மற்ற வரிசையில் இரண்டு பேர். முக்கால் மணி நேரம் சலுகையை அனுபவித்துவிட்டு உள்ளே போனோம். டாங்கியைச் சுற்றி வந்த உங்கள் தங்கை, "இதுக்குள்ள இருக்கறவங்களுக்குக் காத்து எங்கேர்ந்து வரும்?" என்று காவலாளியைக் கேட்டாள். "வராதும்மா" என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

புதுக் கூடத்தில் நுழைந்ததும் நின்றுவிட்டேன். கண்ணாடித் தடுப்புகூட இல்லாமல், கயிறு மட்டும் கட்டி, நான் ஆபரேட்டராக இருந்த எக்ஸ்சேஞ்சின் பழைய டெலிபோன் போர்டு நிற்கிறது. என்னுடைய போர்டு! பதினோராவது துளையைச் சுற்றி நான் சாவியால் கீறிய கீறல்கூட அப்படியே இருக்கிறது. அதற்கு முன்னால் நாற்காலியில் ஒரு மெழுகுப் பொம்மை. தலையைப் போர்டில் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்குகிறது. கீழே பலகையில், 'கலங்கரை விளக்கத்திலிருந்து எச்சரிக்கை வந்தபோது ஆபரேட்டர் உறக்கத்தில் இருந்தார்.'

மச்சான், நான் முப்பத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்தவன். பணி நேரத்தில் கொட்டாவி விட்டதுகூடக் கிடையாது. தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து இப்போதுதான் பகலில் தூங்குகிறேன். அதுவும் போகட்டும், பொம்மைக்கு மீசை வேறு வைத்திருக்கிறார்கள். எனக்கு எந்தக் காலத்தில் மீசை இருந்தது? கயிற்றைத் தாண்டிப் போய், பொம்மையின் தலையை நிமிர்த்தி வைத்தால் பார்க்கிறவர்களுக்காவது விழித்திருப்பதாகத் தெரியும் என்று மெல்லத் தூக்கினேன். தலை கையோடு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருகிற சத்தம். தலையை மேஜைக்குக் கீழே வைத்து, உடம்பை அதன் பக்கத்திலேயே தள்ளிவிட்டு, வேறு வழியில்லாமல் நானே நாற்காலியில் உட்கார்ந்து அசையாமல் இருந்தேன். கூட வந்த டீச்சர், "பாத்தீங்களா, எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க, தோல் சுருக்கம்கூடத் தெரியுது" என்றாள். ஒரு குட்டிப் பெண் என் மூக்கைத் தொட்டுவிட்டு, "டீச்சர், இது சூடா இருக்கு" என்றாள். இதையெல்லாம் உங்கள் தங்கை கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, யாரோ மூன்றாம் மனுஷி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலாளி வந்தார். அவர் பின்னால் கூடத்தின் பொறுப்பாளர் வந்தார். எங்கள் மூத்த மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. போலீஸைக் கூப்பிடுவதாகச் சொன்னாள். நான் கம்பிகளை எடுத்து, துறைமுக லைன், ரயில்வே லைன், ஆஸ்பத்திரி லைன் என்று கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொருகிக் காட்டினேன். அந்தப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்கதானா அது?" என்றாள். அவள் குரலில் இருந்தது மரியாதையா பரிதாபமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவள் எங்களை அலுவலகத்தில் உட்கார வைத்து, அன்றைய அழைப்புப் பதிவேட்டைக் காட்டினாள். என் கையெழுத்து. கலங்கரை விளக்கத்திலிருந்து துறைமுகத்துக்கு, பதிவு காலை எட்டு ஆறு, வகை ஆர்டினரி, இணைப்பு எட்டுப் பதினைந்து. முதல் குண்டு எட்டுப் பதினேழுக்கு விழுந்தது. அபாயச் சங்கு அதற்குப் பிறகுதான் ஊதியது. நான் விதியை விளக்கினேன். துறைமுக ஊருக்கு எங்களிடமிருந்து ஒரே ஒரு லைன். அர்ஜென்ட் என்று சொன்னால் நடக்கிற பேச்சை வெட்டிக் கொடுப்போம். ஆர்டினரி என்றால் வரிசையில் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு "அர்ஜென்ட்டா, ஆர்டினரியா?" என்று நான் கேட்டதும், "ஆர்டினரியே போடுங்க தம்பி, போன மாசம் வாங்கின மெமோ போதும்" என்று கலங்கரை விளக்கத்தில் காவலிருந்த நீங்கள் சொன்னதும் உங்களுக்கு மறந்திருக்காது. திமிங்கலத்தை நீர்மூழ்கிக் கப்பல் என்று அர்ஜென்ட்டில் அறிவித்ததற்காக வந்த மெமோ அது. என்ன சமாச்சாரம் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. விமானம் வருகிறது என்று துறைமுகத்தைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்பது உங்கள் விதி. இருவரும் விதிப்படி நடந்தோம். உங்கள் குரலின் நிதானத்தைப் பார்த்து, யாரோ கப்பல்காரருக்கு வானிலை சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சரிங்க ஐயா, ஆர்டினரி கால் மூணு நிமிஷம்தானே?" என்றாள் அந்தப் பெண். ஆமாம் என்றேன். "உங்க லைன்ல முன்னாடி இருந்த கால் எட்டு மூணுக்கு ஆரம்பிச்சிருக்கு. எட்டு ஆறுக்கே வெட்டியிருக்கணும். பன்னிரண்டு நிமிஷம் ஓடியிருக்கே?" என்றாள். எனக்குக் காது கேட்கவில்லை என்று சைகை செய்தேன். அவள் அதையே எழுதிக் காட்டினாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

அந்தப் பெண் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. செத்துப்போன மூன்று பேரைப் பற்றித்தான் சொன்னாள். ஒரு கிடங்குக் காவலர், இரண்டு படகோட்டிகள். அவர்கள் இருந்த இடத்திலிருந்து பதுங்குகுழிக்கு நாலு நிமிட நடை. வருஷா வருஷம் நினைவு நாளில் அவர்கள் பெயர் பொறித்த சுவருக்கு எதிரே கடைசி வரிசையில் நின்று மூன்று பெயரையும் படித்திருக்கிறேன். நாலு நிமிடம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அழுதுவிட்டேன், மச்சான். இந்த வயதில், முன்பின் தெரியாத பெண் முன்னால்.

பொம்மையை எடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி செப்புத் தகட்டில் எழுதுவதாகவும், அதற்குச் சாட்சிப் படிவம் வேண்டும் என்றும் சொன்னாள். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது சின்னக் காரியம். 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில், அழைப்பை ஆர்டினரி என்று பதிவு செய்யச் சொன்னது நானே என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்கு எழுபத்தொன்பது வயது. இனி எந்த இலாகாவும் உங்களுக்கு மெமோ கொடுக்கப் போவதில்லை. நானோ விதியை ஒரு நாளும் மீறாதவன் என்று பேரெடுத்தவன், அந்தப் பேர் ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

உங்கள் தங்கையின் மௌனத்துக்குக் காரணம் பொம்மைத் தலைதான் என்று நினைக்கிறேன். சரியாகிவிடும். உங்கள் வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் அன்பும் கீழ்ப்படிதலும் உள்ள,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். உறை ஒட்டுமுன் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்தாள். மூன்று நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"அண்ணன் தலையில கட்டாதீங்க. முன்னாடி இருந்த கால் நான் பேசினது."

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா? அப்ப ஏன் மூணு நிமிஷத்துல வெட்டலை?"

ஐம்பத்திரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். பேசுகிறவர்களின் பேச்சை ஆபரேட்டர் கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் விதி. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். துறைமுக ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த உங்கள் வீட்டம்மாவின் அக்காவிடம், "எங்க அண்ணனுக்குக் கோபம்னா என்னன்னே தெரியாது" என்று இவள் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தாள். அந்தம்மா நம்பவில்லை. நம்ப வைக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. உங்கள் கல்யாணம் நிச்சயமானது அந்தக் காலில்தான். அந்தக் குரலை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. பதிவுச் சீட்டில் இருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் அடுத்த மாதம் உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பினேன்.

கேட்டுவிட்டு அவள் படிவத்தை இழுத்து, 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் தன் கையாலேயே எழுதினாள்: 'நான் பேசிக்கொண்டிருந்தேன்.' அதன் கீழே நான் எழுதினேன்: 'நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.' இரண்டுக்கும் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது, மச்சான். நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.