சேனாதிபதி வீட்டு உரைமருந்து

மூன்றாவது நாளும் சண்டை ஓயவில்லை. கருப்பன் செவலையின் கழுத்தைக் கவ்வ, செவலை பின்னங்கால்களால் அவன் வயிற்றில் உதைக்க, இரண்டும் ஒரே உருண்டையாகி அடுப்படியிலிருந்து வாசல்வரை உருண்டு வந்தன. மேலே தொங்கிய விதைப்பூண்டுக் கட்டு ஒன்று அறுந்து சேனாதிபதியின் தோளில் விழுந்தது.

"இந்த வீட்டுல நாலு தலைமுறையா அண்ணந்தம்பி கை நீட்டுனதில்லடா" என்று, மூன்று நாளாக வீட்டில் ஒண்டியிருந்த பூனைக்குட்டிகளிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

குட்டிகள் கேட்கவில்லை. அவர் மகன் ஞானவேலும் இப்படித்தான். சொந்தத்தில் பார்த்து வைத்த பெண்ணை விட்டுவிட்டு, தானே ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்றார் சேனாதிபதி. அப்பன் சொன்னதில் மகன் கேட்ட ஒரே சொல் அதுதான். கொடைக்கானலில் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தான். அங்கிருந்து அப்பன் ஊரான பூம்பாறைக்கு ஒரே பஸ். ஆறு வருஷமாக அவன் அதில் ஏறவில்லை. அவன் அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். வா என்று சொல்லி அனுப்ப சேனாதிபதியின் முதுகெலும்பு இடம் கொடுக்கவில்லை.

குட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றைப் பூண்டு அறையில் அடைத்தார், மற்றதைக் கூடையால் கவிழ்த்தார். இரண்டும் கைக்குழந்தைக் குரலில் ஓலமிட்டன. தெருவில் போனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். சேர்த்து விட்டார். செவலையின் காதில் ரத்தம் வந்தது.

மருந்துதான் வழி. ஆனால் பூனையின் சேட்டைக்கு மருந்து கேட்டால் பூம்பாறையே சிரிக்கும். ஆகவே அவர், கைக்குழந்தைகளுக்குக் கல்லில் உரைத்துக் கொடுக்கும் மருந்து வைத்திருந்த மருத்துவச்சி இருளாயியிடம் போனார்.

"ரொம்பத் துடியா இருக்குதுக. அமந்து கெடக்க ஏதாச்சும் குடு."

"எத்தன மாசமுங்க?"

"ரெண்டு."

"ரெண்டு மாசத்துல என்ன துடி? கடிக்கவா செய்யுது?"

"கடிக்கத்தான் செய்யுதுக. ஒண்ணையொண்ணு."

கல்லில் இருளாயியின் கை நின்றது. "ரெட்டையா? ஆரு பிள்ளைகய்யா?"

குழந்தை மருந்து கேட்டால் யார் குழந்தை என்று கேட்பார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பூனை என்று சொல்ல வாய் திறந்தார். கௌரவம் வாயை மூடியது. ஞானவேலின் பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்ளட்டுமே. பேரப்பிள்ளைகள் தாத்தா வீட்டில் இருப்பதில் என்ன இழுக்கு?

"நம்ம வீட்டுப் பிள்ளைகதான்" என்றார் நிமிர்ந்து.

இருளாயி அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"பிள்ளைன்னா பெரளும், பிறாண்டும், உதைக்கும். அப்பத்தான் கையும் காலும் வலுக்கும். மருந்து குடுத்து அமத்துறது நல்லதில்லங்க" என்று சொல்லிக்கொண்டே மிளகளவு வழித்துக் கொடுத்தாள்.

பாலில் கலந்து வைத்தார். உச்சிப்பொழுதுக்குள் இரண்டும் சுருண்டுவிட்டன.

வீடு அமைதியாயிற்று. ஓட்டு விளிம்பிலிருந்து பனிநீர் சொட்டுவது கேட்டது. தன் மூச்சு கேட்டது. ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே அமைதிதான். நடுவில் மூன்று நாள் மறந்திருந்தார். குட்டிகளின் வயிற்றில் கை வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார். சற்றுக் கழித்து மறுபடியும் பார்த்தார். பொழுது சாயும்போது செவலையின் வாலை இழுத்தார். அது ஒரு கண்ணைத் திறந்து, அவரைப் பார்த்து, மூடிக்கொண்டது.

"ஏலே, எந்திரிங்கடா. ரெண்டு கடி கடிச்சுக்கிட்டுப் படுங்க" என்று கெஞ்சினார். நாலு தலைமுறையில் அந்த வீட்டில் யாரும் யாரையும் கெஞ்சியதில்லை.

விளக்கு வைத்த பிறகு கருப்பன் எழுந்தான், சோம்பல் முறித்தான், செவலையின் காதைக் கடித்தான். சேனாதிபதி மிச்ச மருந்தை அடுப்பில் போட்டார்.

மறுநாள் காலை பெண்கள் வந்துவிட்டார்கள். பெற்றவளுக்கு என்று ஒருத்தி பூண்டு லேகியம் கொண்டு வந்தாள். தாய் எங்கே என்று கேட்டாள். வாசலை மறித்து நின்றவர், அவளுக்கு உடம்பு சரியில்லை, ஒரு மாசத்துக்கு யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவைத்தார். உடம்பு சரியில்லை என்றதால் அடுத்த நாள் இன்னும் நாலு பேர் கஷாயத்தோடு வந்தார்கள். எல்லாவற்றையும் அவரே தனியாக உட்கார்ந்து குடித்தார். வயிறு கடுத்தது.

டீக்கடையில் கிழவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். "குலம் தழைக்குது. எல்லாருக்குமா இந்தக் குடுப்பினை வாய்க்கும்?" என்றார் ஒருவர். சேனாதிபதி மீசையை நீவிக்கொண்டார். ஒரு கவலை மட்டும் இருந்தது. செய்தி மகன் காதுக்கு எட்டினால் என்னாகும்? இல்லாத பேரப்பிள்ளைகளைச் சொல்லித் திரியும் அப்பன் என்று அவன் சிரித்தால், பிறகு வரவே மாட்டான்.

ஏழாம் நாள் பஸ் அவர் வீட்டு முன்னாலேயே நின்றது. கண்டக்டர் சுப்புராஜ் இறங்கி ஓடி வந்தான். உள்ளே குட்டிகள் கட்டிப் புரண்டு கத்தின. சேனாதிபதி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார்.

"பெரியய்யா, ஞானவேல் அண்ணன் நாளைக்கு வெள்ளனே வண்டிக்கு வர்றாராம். நாந்தான் விசயத்தச் சொன்னேன்."

சேனாதிபதி கதவைப் பின்கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். "என்னடா சொன்னான்?"

சுப்புராஜ் தலையைச் சொறிந்தான்.

"கோவமெல்லாம் இல்லீங்க. ஒத்தையில எத்தன நாளைக்குத்தான் அப்பா கெடப்பாருன்னு சொல்லிட்டு, சின்னம்மா கால்ல விழுந்து கும்புடணும், தம்பிக ரெண்டு பேரையும் மடியில வச்சுக் கொஞ்சணும்னாருங்க."