விசாரணையார் வீட்டு வயிற்றுவலி

மனிதர்களில் விசாரணையார் என்றோர் இனம் உண்டு. பார்ப்பதற்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். சட்டை போட்டிருப்பார், வேலைக்குப் போவார், பல் விளக்குவார். ஆனால் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது என்று வையுங்கள். நீங்களும் நானும் துடைப்பத்தைத் தேடுவோம், அவர் ஆளைத் தேடுவார். சில்லு காலில் குத்தி ஒருவர் நொண்டிக்கொண்டிருக்கும்போதே, டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தது யார், நடுவில் வைத்தால் அவருக்கு என்ன கேடு, போன மாதம் தட்டு உடைந்ததற்கும் இதே ஆள்தானே காரணம் என்பதெல்லாம் தீர விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் வந்துவிடும். சில்லு அங்கேயே கிடக்கும். அதைப் பொறுக்குவது அவர் இலாகா இல்லை.

நாம் பார்க்கப்போகிறவர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, உள்ளே ஆட்கள் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தால், கதவைத் திறப்பதற்கு முன் இடுக்கில் வாயை வைத்து, "கடைசியா பட்டனை அமுக்கினது யாரு?" என்று கேட்பார். விசாரணையார் என்ற பெயரே அப்படி உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர் வைத்ததுதான் என்று கம்பெனியில் பேச்சு.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மகளுக்கு எட்டு வயது. அந்த மகளுக்குத்தான் சில மாதங்களாக வயிற்றுவலி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சுருண்டுவிடுவாள். அம்மா சுடுதண்ணீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பாள். அப்பா பக்கத்தில் நின்று, "யாரு என்ன குடுத்தாங்க உனக்கு?" என்பார்.

இப்படி ஆள் அகப்படாமல் அவர் தவித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. கர்ப்ப காலத்தில் ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் தாயின் உடம்பில் சேர்ந்திருந்தால், பிறந்த பிள்ளை வளர்ந்த பிறகும் அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தில் வித்தியாசம் தெரிகிறதாம். நீளமான கட்டுரை. அவர் தலைப்பையும், "தாயின் உடம்பில்" என்ற இடம் வரையும் படித்தார். ஆள் கிடைத்துவிட்ட பிறகு மேலே எதற்குப் படிக்க வேண்டும்?

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் விசாரணை தொடங்கியது.

"மாசமா இருந்தப்ப நீ மீன் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க. நீங்களும்தான் சாப்பிட்டீங்க."

"நான் மாசமா இல்லையே. என்ன மீன்?"

"ஒம்பது வருஷம் ஆச்சு. எப்படிங்க ஞாபகம் இருக்கும்?"

"அதான். அக்கறை இருந்தா ஞாபகம் இருக்கும்."

இந்த வகையினரிடம் ஒரு நேர்த்தி உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார்கள். கை நீட்டிக் குற்றம் சாட்டவும் மாட்டார்கள். "நான் யாரையும் சொல்லல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்" என்பார்கள். கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மீன் முடிந்து அரிசிக்கு வந்தார், அரிசி முடிந்து லிப்ஸ்டிக்குக்கு வந்தார், அதுவும் முடிந்து, கல்யாணத்துக்கு முன்னால் அவள் குடியிருந்த வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போனார். குழாய்க்கும் மீனுக்கும் நேரடிச் சாட்சி வேண்டியிருந்ததால் மாமியாருக்கே போன் போட்டார்.

"அத்தை, அவ மாசமா இருந்தப்ப அங்க வந்து தங்கினாளே, என்ன மீன் செஞ்சு குடுத்தீங்க?"

"செத்த மீன்தான் மாப்பிள்ளை."

இந்தப் பதில் ஒத்துழையாமை என்று பதிவாயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் கேட்பவர் சளைக்காமல் கேட்டால், கேட்கப்படுகிறவருக்கு ஒரு கட்டத்தில் நம்பிக்கை வந்துவிடுகிறது. மனைவிக்கு வந்துவிட்டது. கடையில் வாடிக்கையாளர் சுவரில் தொங்கும் எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை வாசித்து முடித்துவிட்டு, "சரிதானாம்மா?" என்று கேட்டுக் காத்திருப்பார், அவள் ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மதியச் சாப்பாட்டை மென்றுகொண்டிருப்பாள். அன்றைக்கு ஆசைப்பட்டு இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினோமே, அதுவோ? பிள்ளைக்கு இந்த வலியை நான்தான் பெற்றுக் கொடுத்தேனோ? மகள் சோபாவில் சுருளும்போதெல்லாம் இவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வாய்விட்டுக் கேட்க முடியாத மன்னிப்பை, தலையைத் தடவித் தடவிக் கேட்டாள். மகளுக்கு எரிச்சல்தான் வந்தது. "முடி கலையுதும்மா" என்று கையைத் தட்டிவிட்டாள்.

கடைசியில் டாக்டரிடம் போனார்கள். பிள்ளையைக் காட்டப் போவதாக மனைவி நினைத்தாள். மனைவியைக் காட்டப் போவதாக அவர் நினைத்தார்.

"டாக்டரம்மா, இவங்க கர்ப்பமா இருந்தப்ப உடம்புல மெட்டல் ஏறிருக்கு. அதுல பொண்ணோட குடல்ல இருக்குற பாக்டீரியா எல்லாம் கெட்டுப் போச்சு. அதை நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டா போதும்."

டாக்டரம்மா பொறுமைசாலி. சிறுமியைப் படுக்கச் சொல்லி வயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்தபடியே, "அந்த ஆராய்ச்சி நானும் பார்த்தேன்," என்றார். "சாப்பாட்டை விடுங்க. அப்ப வீட்டுல ஈயம் உருக்குறது, பழைய பெயிண்ட் சுரண்டுறது, அந்த மாதிரி வேலை யாராவது பண்ணீங்களா?"

"எங்க வீட்டுலயா? பேச்சுக்கே இடமில்ல" என்றார் விசாரணையார்.

"தூண்டில்" என்றாள் மனைவி.

அவளுக்கே அது அப்போதுதான் தோன்றியது. இத்தனை நாளும் கேள்வியெல்லாம் அவள் வாய்க்குள் என்ன போயிற்று என்பதைப் பற்றியே இருந்ததால், அவளும் வாய்க்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தாள். அடுப்பில் என்ன கொதித்தது என்று யாரும் கேட்கவில்லை.

"என்னங்க, உங்களுக்கு அப்ப மீன் பிடிக்கிற பைத்தியம். தூண்டில் கயிறு தண்ணியில அமிழணும்னு ஈயக் குண்டு வார்த்தீங்களே. கதவைச் சாத்திக்கிட்டு, நம்ம சமையலறையில. எனக்கு அந்த நெடியில குமட்டிக்கிட்டு வந்தது. நீங்க, மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும்னீங்க."

"எதுல உருக்கினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

விசாரணையார் கூரையைப் பார்த்தார்.

"பால் காய்ச்சுற பாத்திரத்துல" என்றாள் மனைவி. "மறுநாளே அதைத் தூக்கிப் போட்டுட்டேன். பாத்திரத்தைத் தொலைச்சது யாருன்னு ஒரு வாரம் கேட்டீங்க."

அப்புறம் நடந்ததை இந்த இனத்தை ஆராய்கிறவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அவர் முகம் வெளுத்தது உண்மை. மகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்ததும் உண்மை. அந்தப் பார்வையில் பயம் இருந்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தபோது வெளிவந்த குரல் ஒரு விஞ்ஞானியுடையது.

"டாக்டரம்மா, ஒரு ஆராய்ச்சியை வச்சு ஒரு முடிவுக்கு வந்துட முடியுமா? ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னா, இதனாலதான் அதுன்னு ஆயிடுமா? எத்தனை பிள்ளைங்களைப் பார்த்தாங்க, என்ன ஏதுன்னு நாம யோசிக்க வேண்டாமா?"

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "நிறைய பிள்ளைங்களைச் சேர்த்துப் பார்த்தாத் தெரியுற விஷயம் அது. ஒரு பிள்ளையைக் காட்டி, இது இன்னாராலன்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்க மேலயும் போட முடியாது, இவங்க மேலயும் போட முடியாது. வீட்டுல ஈயம் உருக்கக் கூடாது, அது மட்டும் நிச்சயம். எதுக்கும் ரத்தத்துல ஒரு தடவை பார்த்துடலாம்."

இன்னார் என்று சொல்ல முடியாது. இந்த நாலு வார்த்தைக்காக மனைவி எத்தனை நாள் காத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சட்டென்று கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரோடு கூடவே கோபமும் வந்தது, கோபத்தோடு, அவரே மாட்டிக்கொண்டார் என்ற கொஞ்சம் இனிப்பும் வந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததால் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா அதற்குள் சிறுமியின் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஸ்கூல்ல பாத்ரூம் போவியாம்மா?"

சிறுமி தலையை ஆட்டினாள். இல்லை.

"ஏன்?"

"கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. பசங்க தள்ளிட்டு வந்துடுவாங்க. அதனால தண்ணியே குடிக்க மாட்டேன். வந்தாலும் அடக்கிக்குவேன்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

"வயிறு கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. அதான் வலி" என்றார் டாக்டரம்மா.

வயிறு யாருடையதோ அந்த ஆளிடம் இதுவரை ஒருவரும் உருப்படியாக ஒன்றும் கேட்கவில்லை என்பது அம்மாவுக்கு உறைத்தது, வெட்கமாக இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். விசாரணையாரும் முன்னால் குனிந்தார். மகளிடம் ஏதோ அன்பாகச் சொல்லப்போகிறார் என்றுதான் டாக்டரம்மாவே நினைத்தார்.

"தாழ்ப்பாளை உடைச்சது யாரு?" என்றார்.

மறுநாள் மனைவி கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, இரும்புக் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி, பள்ளிக்கூடக் காவலாளியிடம் திருப்புளியை இரவல் கேட்டு, தானே பொருத்திவிட்டு வந்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. ஆனால் மூடியது. மருந்தும் தண்ணீருமாகக் கொஞ்ச நாளில் மகளுக்கு வலி விட்டது. ரத்தப் பரிசோதனையிலும் பயப்பட ஒன்றுமில்லை. பழைய தாழ்ப்பாள் சம்பந்தமாக விசாரணையார் தலைமையாசிரியருக்கு எழுதிய புகார் மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மனைவி அந்த ஈயக் குண்டு விவகாரத்தைப் பெருந்தன்மையாக அன்றோடு விட்டுவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். என்ன செய்வது? வாரத்துக்கு ஒரு தரமாவது எடுக்கிறாள். "நான் யாரையும் சொல்லல" என்றுதான் ஆரம்பிக்கிறாளாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். மேலதிகாரியோ, மாமனாரோ, அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறவரோ. "அச்சு அசல் அந்த ஆளேதான்!" என்று தொடையில் தட்டியிருப்பீர்கள். முதல் பத்தியிலேயே தட்டியவர்களும் இருப்பீர்கள். தப்பில்லை. ஒன்றே ஒன்று, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: ஆளை எப்படி இத்தனை சீக்கிரம் கண்டுபிடித்தீர்கள்?