டிக்கெட் எடுக்காத அண்ணன்

இறந்தவரின் கடைசி ஆசையை நிறைவேற்றுவது இருப்பவர்களின் கடமை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூட எங்கள் படகுத்துறை அலுவலகத்துக்குப் போனவர் இல்லை என்பது என் துணிபு.

என் அண்ணன் அந்தத் துறையில் முப்பத்தெட்டு வருஷம் டிக்கெட் பரிசோதகர். கரையில் நின்று, அக்கரைக்குப் போகிறவர்களின் டிக்கெட்டில் ஓட்டை போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அத்தனை பேரை அனுப்பியவர் ஒரு தடவைகூடப் படகில் போனதில்லை. வேலை நேரத்தில் போக விதி இல்லை. மற்ற நேரத்தில் டிக்கெட் எடுக்க மனசு இல்லை. சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரையும் அனுப்பிட்டேன்டா. என்னை மண்ணுல வைக்காதே, கடல்ல விட்டுடு," என்றார்.

அவர் என் கையைப் பிடித்ததே பெரிய விஷயம். எங்களுக்குள் முப்பத்தொரு வருஷமாகப் பேச்சு இல்லை. அக்கரையில் ஒரு வேலைக்கு நேர்காணல் என்று அவசரமாக ஓடிய நான், அண்ணன்தானே நிற்கிறார் என்ற தெம்பில் டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டேன். படகு பத்தடி போயிருக்கும். "டிக்கெட் இல்லாத ஆளை இறக்கிவிடு!" என்று கரையிலிருந்து குரல் வந்தது. இறக்கிவிட்டார்கள், இடுப்பளவு தண்ணீரில். இஸ்திரி போட்ட பேண்ட்டும் எட்டாம் வகுப்புச் சான்றிதழும் ஊறிப்போயின. வேலையும் போயிற்று. அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. அதை இரும்புப் பெட்டியில் வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் படித்து, கோபத்தைப் புதுப்பித்துக்கொள்வேன்.

ஆனால் அண்ணன் மேல் கோபம் வேறு, அண்ணன் ஆசை வேறு. பிணவறைக்காரர் ஏழு நாள் கெடு கொடுத்தார். எட்டாம் நாள் நகராட்சி வண்டி வந்து, நம்பர் போட்டு, மண்ணில் வைத்துவிடும்.

அலுவலகத்துக்கு இப்போது 'மகிழ்ச்சி மையம்' என்று பெயர். சுவருக்கு மஞ்சள் வர்ணம். வாசலில் ஒரு இயந்திரம். வெளியே போகும்போது அதில் சிரித்த முகத்தையோ அழுத முகத்தையோ அழுத்த வேண்டும். அழுத முகத்தை அழுத்தினால் 'காரணம் எழுதுக' என்று நாலு பக்கப் படிவம் வரும். ஆகையால் பொதுமக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

துணை மேலாளர் சட்டையில் 'நான் உங்கள் நண்பன்' என்று வில்லை குத்தியிருந்தார்.

"சரக்கா, பயணியா?" என்றார் நண்பர்.

"எங்க அண்ணன் சார்."

"அண்ணன்னு படிவத்துல கட்டமே இல்லையே. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"சரி, சரக்குன்னே வெச்சுக்குங்க."

"அப்ப இறக்கற இடத்துல, பெற்றுக்கொள்பவர் கையெழுத்து வேணும்."

"நடுக்கடல்ல யாரு சார் கையெழுத்துப் போடுவா?"

"அதைத்தான் பெரியவரே நானும் கேக்கறேன்."

இதில் மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் அண்ணனைப் பயணியாக்கினேன்.

"ஒருவழி டிக்கெட்டை நிறுத்தியாச்சு," என்றார் நண்பர். "போக வர டிக்கெட்தான்."

"அவர் திரும்பி வரமாட்டார் சார்."

"போறப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சாயங்காலம் அக்கரையில வரிசையில நிக்கறாங்க. அப்புறம், மிதவை அங்கி கட்டாயம்."

"அதைப் போட்டா அவர் முழுகமாட்டாரே!"

"முழுகக் கூடாதுன்னுதானே போடறோம்."

"அவர் செத்துப்போயிட்டார் சார்!"

"சாகறப்ப அங்கி போட்டிருந்தாரா?"

"கட்டில்ல படுத்திருந்தார்."

"பாத்தீங்களா!" என்றார் நண்பர். "திரும்பி வந்ததும் தலை எண்ணுவோம். ஒரு தலை குறைஞ்சாலும் மீட்புப் படகு போய்த் தூக்கிட்டு வந்துடும். நீங்க கவலையே படவேண்டாம்."

சிரித்த முகத்தை அழுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் போனேன், மறுபடி அங்கியிலிருந்து ஆரம்பித்தார்.

ஆறாம் நாள் சாயங்காலம் அண்ணி, அண்ணனின் ஓட்டை போடும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்ல கூத்து தம்பி. உயிரோட இருந்தப்ப இந்த மனுஷன் ஒருத்தரையும் டிக்கெட் இல்லாம ஏத்தலை. உங்களையே தண்ணியில தள்ளினார். இப்ப டிக்கெட் எடுக்கறோம்னு சொல்லியும் இவரை யாரும் தண்ணியில தள்ள மாட்டேங்கறாங்க."

நான் எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்தேன்.

ஏழாம் நாள் காலை, அந்தக் காகிதத்தை நண்பரின் மேஜையில் வைத்தேன். அவர் உரக்கப் படித்தார்: "'டிக்கெட் இல்லாதவரைக் கண்டுபிடித்த இடத்திலேயே உடனடியாக இறக்கிவிட வேண்டும். அந்த இடம் தரையாக இருக்க வேண்டும் என்று விதியில் குறிப்பிடப்படவில்லை.'" முத்திரையைத் தடவிப் பார்த்தார். "எங்க முத்திரைதான்."

"எங்க அண்ணன் டிக்கெட் எடுக்கப்போறதில்லை சார்."

நண்பரின் முகம் மெல்ல மலர்ந்தது. "டிக்கெட் இல்லாதவர் பயணி ஆகமாட்டார். பயணி இல்லாதவருக்கு அங்கி கிடையாது. தலைக்கணக்குலயும் வரமாட்டார். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா ஒரு வாரம் அலைஞ்சீங்க?"

அன்றே கிளம்பினோம். இப்போதெல்லாம் பரிசோதகர் படகிலேயே வருகிறார். அண்ணனிடம் வேலை பழகியவர்தான். நடுக்கடலில், வெள்ளைத் துணி சுற்றி, காலில் இரும்புக் கட்டி கட்டிய அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"டிக்கெட்?"

விதிப்படி கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"இல்லையா? அப்ப இறங்கிக்குங்க, அண்ணே," என்றார்.

நாலு பேராகப் பிடித்து இறக்கினோம். கடல் ஒரு கையெழுத்தும் கேட்கவில்லை. அண்ணி அந்தக் கருவியையும் கூடவே போட்டார். நான் குனிந்து, "சரிக்குச் சரி, அண்ணே," என்றேன். முப்பத்தொரு வருஷத்துப் பாரம் இறங்கியது போலிருந்தது.

திரும்பும்போது கரைக்குப் பத்தடி இருக்கையில், பரிசோதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருடைய டிக்கெட்டையும் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். அண்ணிக்கு எடுத்திருந்தேன். தூக்க வந்தவர்களுக்கு எடுத்திருந்தேன். ஒரு வாரமாக அண்ணனையே நினைத்துக்கொண்டிருந்ததில் எனக்கு எடுக்கவில்லை.

"நான் அவரோட கூடப்பிறந்த தம்பிப்பா!"

"தெரியும் ஐயா. உங்க கதையைச் சொல்லித்தான் எனக்கு வேலையே கத்துக்கொடுத்தார்."

இடுப்பளவு தண்ணீர். அதே இடம். படகிலிருந்து அண்ணி ஏழு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "தம்பி, உங்க அண்ணன் இன்னும் வேலையிலதான் இருக்கார்!"

அடுத்த மாதம் மகிழ்ச்சி மையத்தில் பெரிய பலகை வைத்தார்கள்: 'டிக்கெட் இல்லா இறுதிப் பயணம். டிக்கெட்டுக்கு முந்துங்கள்.' ஊரில் அதுதான் இப்போது நாகரிகம். வசதியுள்ளவர்கள் முன்பதிவுச் சீட்டைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டுகிறார்கள். மாட்டாதவர்களைப் பார்த்து, "இன்னும் எடுக்கலையா?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள்.

என்னை இறக்கிவிட்டதற்கு மறுபடி புகார் எழுதினேன். அதே இரண்டு வரிப் பதில் வந்தது. இந்தத் தடவை கோபம் வரவில்லை. பத்திரமாகப் பெட்டியில் வைத்து, சாவியை மகனிடம் கொடுத்தேன்.

"எனக்கும் கடல்தான்டா. இந்தக் காகிதம் போதும். தப்பித்தவறிக்கூட எனக்கு டிக்கெட் மட்டும் எடுத்துடாதே."

மகன் தலையைச் சொறிந்தான். எல்லோரும் எடுக்கிறார்களே என்று போன வாரமே எடுத்துவிட்டானாம்.

போக வர.